மன்னார்குடி – கோடியக்கரை நடைப்பயணம்: இரண்டு பெண்களின் காதல் கதைக்கு வழியும் பருவமும் சரியா?

அரசலாறு கேட்டது:

வணக்கம். இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பதாயிரம் சொல்லுக்குள் முடிக்க எண்ணம். தேன்மொழிக்கு வயது 34, மன்னார்குடிப் பக்கம் அரசு கால்நடை மருத்துவர். ரெஜினாவுக்கு 30, நாகப்பட்டினத்துப் பெண், சென்னையில் வேலை. பறவை பார்க்கும் குழு ஒன்றில் அறிமுகம். இருவரும் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக் காடு வரை நடந்தே போகிறார்கள்.

இப்போதைய திட்டம்: மே மாதம், மூன்று நாள். இருபுறமும் பச்சை வயல், ஆறு நிறையத் தண்ணீர். மூன்றாம் நாள் இரவு காட்டுக்குள் கூடாரம். ஒரே கூடாரம்தான், வெளியே நெருப்பு. ரெஜினாவைப் பாம்பு கடிக்கிறது, தேன்மொழி விஷத்தை உறிஞ்சித் துப்புகிறாள், அன்றிரவே முதல் முத்தம். பிறகு வீட்டார் போலீசுக்குப் போகிறார்கள், பிரிவு, கடைசியில் சேர்கிறார்கள். இதில் எது நிற்கும், எது நிற்காது? டெல்டாக்காரர்கள் படித்துச் சிரித்துவிடக் கூடாது. முடிவை எப்படி வைப்பது என்பதிலும் குழப்பம்.

கடைமடை:

மே மாசத்தை முதல்ல அடிச்சிருங்க. மேட்டூரை வழக்கமா ஜனவரி 28-ல மூடி ஜூன் 12-லதான் திறப்பாங்க. நடுவுல பாமணியாறு, கோரையாறு எல்லாம் மணலும் குட்டையில ஆகாயத்தாமரையும்தான். வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். போர்செட் உள்ள இடத்துல முன்பட்டக் குறுவை நாத்து கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான் பச்சை. மே 4-லேர்ந்து அக்னி நட்சத்திரம் வேற. மத்தியானம் ரெண்டு பேரும் காதலிக்க மாட்டாங்க, நிழல் தேடுவாங்க.

மார்கழி கண்ணுக்கு அழகு, காலுக்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழையில வரப்புக் களிமண் செருப்போட அரைக் கிலோ ஏறும். உங்க கதைக்குத் தை கடைசி, மாசி முதல் வாரம்தான் பொருத்தம். சம்பா அறுப்பு நடக்கும், வயல்ல செயின் போட்ட அறுப்பு மெஷின் ஓடும், பாதி ரோட்டை நெல்லு காயப்போட்டு அடைச்சிருப்பாங்க, கொள்முதல் நிலையத்துல குவியல் குவியலா படுதா போட்டு மூடிக் கிடக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே ஈரத்துல தெளிச்ச உளுந்தும் பயறும் தாளுக்கு நடுவுல இளசா எழும்பியிருக்கும். உங்களுக்கு வேணுங்கிற பச்சை அதுதான். கோடியக்கரையில பூநாரை அப்பவும் இருக்கும்.

தூரம்: மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சுமாரா 30 கிலோமீட்டர், அங்கேர்ந்து வேதாரண்யம் 35 சொச்சம், வேதாரண்யத்துலேர்ந்து கோடியக்கரை 11. மொத்தம் 75 பக்கம். எட்டு ஒன்பது கிலோ பையோட பழக்கமில்லாத ஆள் தார் ரோட்டுல மணிக்கு நாலு கிலோமீட்டர் போவாங்க, வரப்புல ரெண்டரை. காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு ஒதுங்கி, நாலு மணிக்கு மறுபடி நடந்தா நாளைக்குப் பதினஞ்சு, பதினாறு. ஆக, அஞ்சு நாள். கோட்டூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் சாலையில பாதி, வேதாரண்யம், கோடியக்கரைன்னு ராத்தங்கல் வைங்க.

இன்னொண்ணு. இது வனாந்தரம் இல்ல. கடைசிப் பதினோரு கிலோமீட்டர் வர்ற வரைக்கும் ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை, கை காட்டினா பஸ். 2023 ஏப்ரல்லேர்ந்து திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயிலும் ஓடுது. "வேற வழியில்லாம சேர்ந்து மாட்டிக்கிட்டாங்க" கதை இங்க நிக்காது. கோவிச்சுக்கிட்டா ஒருத்தி அடுத்த பஸ்ல ஏறிடலாம். அதை மறைக்காதீங்க, பயன்படுத்துங்க. தினம் காலையில பஸ் போகுது, ரெண்டு பேரும் ஏறல.

காட்டுக்குள்ள கூடாரமும் நெருப்பும் கிடையாது. 1967-லேர்ந்து அது சரணாலயம். 1972 வனவிலங்குச் சட்டத்துல முப்பதாவது பிரிவே சரணாலயத்துக்கு ஆபத்து வர்ற மாதிரி தீ மூட்டுறதைத்தான் தடை பண்ணுது. அனுமதி வாங்கிப் பகல்ல போய் வெளிமான், மட்டக்குதிரை பார்க்கலாம், ராமர் பாதம் வரைக்கும் போகலாம். ராத்திரி வனத்துறை விடுதியில ரூம். உங்க டாக்டரம்மா அரசு ஊழியர், இதைத் தெரியாம செய்ய மாட்டாங்க.

ராத்திரிக் காட்சி வேணும்னா ஆமை இருக்கு. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். ஒரு குழிக்கு நூறு முட்டை பக்கம். வனத்துறை எடுத்துட்டுப் போய்ப் பொரிப்பகத்துல புதைப்பாங்க, 45-லேர்ந்து 60 நாள்ல குஞ்சு வரும். அவங்களோட போறதா எழுதுங்க. வெள்ளை டார்ச் கூடாது, சிவப்புத் தாள் சுத்தின வெளிச்சம்தான். ஆமை முட்டையிட்டு முடிக்கிற வரைக்கும் அசையாம, பேசாம மணல்ல உட்காரணும். காதல் கதைக்கு இதைவிட வசதியான விதி எந்தக் காட்டுலயும் கிடைக்காது. பிரிவு எத்தனை நாள்னு யோசிக்கிறீங்கன்னா அந்த 45–60 நாளையே வச்சுக்கலாம்.

நாணல்:

கடைமடை சொன்ன பஸ் விஷயம்தான் கதையின் முதுகெலும்பு. அதே காரணத்தால் 'ஒரே கூடாரம்' உத்தியும் விழுகிறது. பெண்களின் நெருக்கம் உடனே கண்ணில் படுகிற ஊர்களுக்கு அது பொருந்தும். இங்கே கல்யாண வீட்டில் ஆறு பெண்கள் ஒரே ஜமக்காளத்தில் படுப்பார்கள். படித்துறையில் பாவாடையை ஏறக்கட்டிச் சேர்ந்து குளிப்பார்கள், தலை பின்னிவிடுவார்கள், கை கோத்துக் கடைத்தெருவில் நடப்பார்கள். லாட்ஜில் இரண்டு பெண்கள் அறை கேட்டால் ஆதாரை வாங்கிக்கொண்டு "அக்கா தங்கச்சிங்களா?" என்பதோடு சரி. யாருக்கும் சந்தேகம் வராத இடத்தில் ஒரே பாய் என்பது எந்தப் பதற்றத்தையும் தராது.

ஆகவே இவர்களுக்குள் வழக்கத்துக்கு மாறாக எது நடக்கிறது என்று பாருங்கள். தொடுதல் வழக்கமானதுதான், பார்த்துக்கொண்டே இருப்பது அப்படியல்ல. பாய் பொது. எச்சில் பொதுவல்ல, பாட்டிலை அண்ணாந்து குடிப்பதுதான் பழக்கம். காலைத் தொடவிடுவதும் எளிதல்ல. வயதில் மூத்தவள், அதுவும் டாக்டர், தன் காலைப் பிடித்தால் எந்தப் பெண்ணும் "ஐயோ, காலைத் தொடாதீங்க" என்று இழுத்துக்கொள்வாள். இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் வரும். பாம்பைவிட அது நிச்சயம். அதை வைத்தே முதல் பெரிய காட்சியை எழுதலாம்.

வரப்பில் இருவர் இணையாக நடக்க முடியாது, ஒரு ஆளுக்குத்தான் இடம். பின்னால் வருபவள் முன்னால் போகிறவளின் பிடரியைப் பார்த்துத்தான் பேசுவாள். முகம் தெரியாமல் பேச வேண்டியதை எல்லாம் அங்கே வையுங்கள். தார் ரோட்டில் இணையாக நடப்பார்கள், லாரி வந்தால் ஒருத்தி ஒதுங்க வேண்டும். யார் ரோட்டுப் பக்கம் நடக்கிறாள் என்பது மூன்றாம் நாள் மாறட்டும்.

விளிப்பில் கவனம். நான்கு வயது மூத்தவளை ரெஜினா 'அக்கா' என்று ஆரம்பித்துவிட்டால் அதிலிருந்து வெளியே வர முடியாது, வாசகருக்கும் உறுத்தும். 'டாக்டர்' என்று தொடங்குங்கள். நாள் ஆக ஆக அது கேலியாகட்டும், பிறகு செல்லமாகட்டும். 'நீங்க' எப்போது 'நீ' ஆகிறது என்று ஒரே ஒரு இடம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒருமுறை கோபத்தில் 'நீங்க' திரும்ப வந்தால் முழு அத்தியாயச் சண்டையை அது சுமக்கும். 'வாடி, போடி' கதையின் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு முன்னால் வேண்டாம்.

பிரிவுக்கு வெளியாள் ஒருவர் வந்து போட்டுக்கொடுப்பது பழைய சரக்கு. இவர்களிடமே உண்மையான முரண் இருக்கிறது. ரெஜினா சென்னையில் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். தேன்மொழியை மன்னார்குடியைச் சுற்றி மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், நள்ளிரவில் கன்று மாட்டிக்கொண்டால் அவளுக்குத்தான் போன். எந்த ஊரில் வாழ்வது என்பதே பிரச்சினையாக இருக்கட்டும்.

தயவுசெய்து ஒருத்தியைக் கொல்லாதீர்கள். இந்த வகைக் கதைகளில் செத்தவர்கள் போதும். காதல் புனைவு என்று பெயர் போட்டால் வாசகர் கடைசிப் பக்கத்தில் இருவரையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார். அது எழுதாத ஒப்பந்தம்.

மருந்துப்பெட்டி:

பாம்புக் காட்சி இப்படியே போகக் கூடாது. கதை என்றாலும் படிப்பவர் அதைச் செய்துபார்ப்பார்.

உறிஞ்சினால் விஷம் வெளியே வராது, காயத்தில் கிருமிதான் சேரும். கீறக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. செய்ய வேண்டியது: மோதிரம், கொலுசு கழற்றுவது, கடிபட்ட காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டுவது, நடக்கவிடாமல் 108-க்கு அழைப்பது. கால்நடை மருத்துவருக்கு இது நன்றாகவே தெரியும், பாம்பு கடித்த மாட்டைப் பார்த்தவர் உறிஞ்சமாட்டார். கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து தேவைப்பட்டால் நாகை அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி.

எந்தப் பாம்பு என்பதையும் முடிவு செய்யுங்கள். தரையில் படுத்தவரை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். வலியே இருக்காது, சில மணி நேரம் கழித்துக் கண் இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சு. கண்ணாடி விரியன் என்றால் உடனே வலி, வீக்கம், ஈறில் ரத்தம், சிறுநீரகம் பாதிக்கும். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். விஷமுறிவு மருந்து வழக்கமாக எட்டிலிருந்து பத்து குப்பியில் தொடங்கும், குறைந்தது ஒரு நாள் கண்காணிப்பு. அன்றிரவு முத்தம் நடக்காது, மறுநாள் நடைப்பயணமும் இல்லை. உங்கள் கதை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விடும். அது வேறு கதை.

கணுக்கால் பிசகினாலும் இதே கதி. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. 'வலித்தாலும் நடந்தாள்' என்று 11 கிலோமீட்டர் எழுதாதீர்கள், முதுகில் சுமந்துபோவதும் நூறு அடிக்கு மேல் நம்பும்படி இராது.

நாணல் சொன்ன கொப்புளம் நல்ல யோசனை. முறை: சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில், அடிப்பக்கமாக, இரண்டு இடத்தில் குத்தி நீரை அழுத்தி வெளியேற்றுவது. மேல்தோலை உரிக்கக் கூடாது, அதுதான் மூடி. காய்ந்த துணியை வைத்துச் சுருக்கம் விழாமல் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அதன் கீழேயே அடுத்த கொப்புளம். உட்காருபவர் குதிகாலை மற்றவர் மடியில் வைக்காமல் இதைச் செய்ய முடியாது. காரணம்: ஈரக் காலோடு நடப்பது, புதுச் செருப்பு. தொடை உரசிப் புண்ணாவதும் வரும், அதற்குத் தேங்காய் எண்ணெய். அதையெல்லாம் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். மாதவிலக்குத் துணி எங்கே மாற்றுவது, எங்கே ஒதுங்குவது என்று கேட்காத பெண்கள் நடைப்பயணக் கதையை எழுதியவர் எந்தப் பெண்ணோடும் நடந்ததில்லை என்று தெரிந்துவிடும்.

புதுஆறு:

ஆபத்துன்னு ஒண்ணு வேணும்னா பாம்பை விட்டுட்டு முத்துப்பேட்டைக்கு வாங்க. திருத்துறைப்பூண்டியிலேர்ந்து ஒரு நாள் கூடுதலா ஒதுக்கினா போதும். வனத்துறை அனுமதி வாங்கி ஜாம்புவானோடையில படகு ஏறினா ஆத்து வழியா காயலுக்குப் போகலாம். பெரும்பாலும் அலையாத்தி மரம்தான், சேத்துக்கு மேல மூச்சு வேர் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். செருப்பில்லாம இறங்கினா பாதம் கிழியும், பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கணும். சேத்துல கால் புதைஞ்சா மேல இழுக்கக் கூடாது, இழுத்தா மத்தக் காலும் சேர்ந்து இறங்கும். உடம்பைப் பின்னால சாய்ச்சு, குதிகாலை அப்படி இப்படி ஆட்டிக் காத்துப் போகவிட்டு, மெல்ல எடுக்கணும்.

நடுவுல தில்லை மரம் இருக்கும். கிளையை ஒடிச்சா பால் வடியும். அது கண்ணுல பட்டா எரிச்சல், தற்காலிகமா பார்வையும் போகும். காயல் தண்ணியில கழுவக் கூடாது. குடிக்கக் கொண்டுபோன நல்ல தண்ணியை முழுசா ஊத்திக் கால் மணி நேரம் கழுவணும், அப்புறம் கண் டாக்டர். சாவு பயம் இல்ல, ஆனா ரெஜினாவுக்குக் கண் தெரியாது, குடிக்கத் தண்ணியும் தீர்ந்துபோச்சு. படகுலேர்ந்து கரைக்குக் கையைப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வரணும். பறவை பார்க்க வந்தவளுக்கு ஒரு நாள் முழுக்க மத்தவ சொல்லித்தான் பறவை தெரியுங்கிறதையும் யோசிங்க.

மறுநாளே உப்பளத்து வெளிச்சத்துல நடக்கவிடாதீங்க, கண்ணு தாங்காது. ஒரு நாள் ஓய்வு வைங்க. 2018 நவம்பர் 16-க்கு முன்னாடியா பின்னாடியான்னும் முடிவு பண்ணுங்க. அன்னைக்கு அடிச்ச கஜா புயலுக்கு அப்புறம் அலையாத்திக் காடும் தென்னந்தோப்பும் பார்க்கிறதுக்கு வேற.

அரசலாறு:

அனைவருக்கும் நன்றி. மே போயிற்று, பாம்பு போயிற்று, நெருப்பும் போயிற்று. தில்லைப் பாலை எடுத்துக்கொள்கிறேன். கதை 2024 மாசியில் நடக்கட்டும். இரண்டு கேள்வி பாக்கி. ரெஜினாவின் வீட்டார் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் என்ன நடக்கும்? முடிவில் கல்யாணம் வைக்கலாமா? கூடவே நான்காம் நாளில் வரும் ஒரு பத்தி, திருத்திக் கொடுங்கள்:

"நீ என் வாழ்க்கைக்குள் வந்த வசந்தம்," என்றாள் ரெஜினா. அவள் கண்களில் நட்சத்திரங்கள் மின்னின. தேன்மொழி அவள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். வயல்வெளி முழுதும் அவர்களுக்காகவே பூத்தது போலிருந்தது.

சாட்சிக் கையெழுத்து:

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு வயது வந்தோரின் சம்மதத்தோடான உறவில் குற்றம் எதுவும் இல்லை. ஆகவே இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவைச் சொல்லி மிரட்டும் இன்ஸ்பெக்டர் 2024 கதைக்குப் பொருந்தமாட்டார். மிரட்டல் வேறு வழிகளில் வரும்: "கையெழுத்துப் போட்டுட்டு அப்பாவோட போம்மா" என்ற கனிவான குரலில்.

காணவில்லை என்ற புகார் பதிவாகலாம். 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம், மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் இணையின் வழக்கில் காவல்துறைக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தேடப்படுபவர்கள் இப்படிப்பட்ட உறவில் உள்ள வயது வந்தோர் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும். பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்கும் அந்த வழக்கில் தடை விதிக்கப்பட்டது. காட்சியை அந்த வாக்குமூலத்தில் நிறுத்துங்கள். "என் விருப்பப்படிதான் போனேன்" என்று ரெஜினா தன் கையால் எழுதித் தர வேண்டும், மேசைக்கு எதிரில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அடிதடியைவிட அது கனமான காட்சி.

கல்யாணப் பதிவு முடியாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை அங்கீகரிக்க மறுத்தது. அதற்காகச் சோக முடிவு தேவையில்லை. 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய நிதி அமைச்சகம், இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. பயணம் மாசி, முடிவு ஆவணி என்று வைத்தால், வங்கிப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தின் மேல் பேனா நிற்கும் இடம் உங்களுக்குக் கிடைக்கிறது. தேன்மொழிக்குப் பணியிட மாறுதல் விண்ணப்பமும் உண்டு, ஆனால் கேட்ட ஊர் கிடைக்கும் என்று எழுதாதீர்கள்.

படுக்கையறைக் காட்சி எவ்வளவு வெளிப்படை என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஆபாச வெளியீட்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா 294, இணையத்தில் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67. முதல் பக்கத்திலேயே வயது வந்தோருக்கு என்று குறிப்பிடுங்கள்.

நாணல்:

பத்தியில் வசந்தம், நட்சத்திரம், பூத்த வயல் மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் கை மட்டும். கையும் இங்கே வழக்கமான சங்கதிதான் என்று பேசினோம். நான்காம் நாளில் அவர்களுக்குத் தேவை தண்ணீர்:

வரப்பு குறுகியது. தேன்மொழி முன்னால் போனாள்.

"பாட்டில்ல எவ்வளவு இருக்கு?"

"இருக்கு டாக்டர்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"ரெண்டு மடக்கு."

தேன்மொழி திரும்பாமலே தன் பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். ரெஜினா வாங்கினாள். அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்து, மூடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

இங்கே அத்தியாயத்தை முடியுங்கள். வாங்கியவள் எப்படிக் குடித்தாள் என்பது அடுத்ததில்.

கடைமடை:

பத்தி நல்லாருக்கு, இடம்தான் தப்பு. நாலாம் நாள் நெல் வயல் வரப்புன்னா கூப்பிடு தூரத்துல ஊர்க் குழாய் இருக்கும், ரெண்டு மடக்குக்கு யாரும் கவலைப்பட மாட்டாங்க. இதை அகஸ்தியம்பள்ளி தாண்டி உப்பளப் பக்கம் தள்ளுங்க. அங்கதான் சுத்தித் தண்ணி இருந்தும் குடிக்க முடியாது. ஆளுக்கு நாலு லிட்டரை வேதாரண்யத்துலயே நிரப்பிக்கணும். பாத்தி வரப்பு குத்தகைக்காரங்களோடது, கேட்டுட்டுத்தான் ஏறணும். கால்ல கொப்புளம் உடைஞ்சிருந்தா உப்புத் தண்ணி பட்டதும் உயிர் போகும், ரெண்டாம் நாள் பிளாஸ்டரை அன்னைக்குக் காலையில மாத்தி ஒட்டினதா ஒரு வரி சேர்த்துக்குங்க.